அடுத்தவர் தொண்டைக்கு ஐந்து வார வைத்தியம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தபோது, முப்பத்து மூன்று வயதில், நான் காப்பி அடித்தேன். தேர்வில் இல்லை. தேர்வில் அடித்திருந்தால் அதில் கொஞ்சம் வீரமாவது இருந்திருக்கும். நான் காப்பி அடித்தது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சக பயிற்சி ஆசிரியை ஒருவரின் தொண்டையை. அவர் ஒரு நாளில் எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தார், எத்தனை நிமிடம் வாய்மூடி இருந்தார், எந்தக் கல்யாணத்தில் சத்தமாகப் பேசி அவருக்குத் தொண்டை வலித்தது என்பதையெல்லாம் பார்த்து எழுதி, இதுதான் என் தொண்டை என்று மருத்துவமனையில் கொடுத்தேன். அவர்களும் நம்பினார்கள். அது ஒரு பெரிய மருத்துவமனை. படித்தவர்கள் நிறைய பேர் வேலை செய்யும் இடம். என்னை நம்புவார்கள் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், மதியத்துக்கு மேல் உங்கள் குரல் கரகரத்தால், நான் செய்ததைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். வாய்ப் பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

இதற்கு முன் ஒன்பது வருஷம் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். சுற்றிலும் பளுதூக்கி வண்டிகள் ஓடும். அங்கே பேசுவது என்றாலே கத்துவதுதான். வார இறுதியில் கல்யாண வரவேற்புகளில் நிகழ்ச்சி நடத்துவேன். மைக் வேலை செய்யாவிட்டாலும் கடைசி மேசைவரை கேட்கும் குரல் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தக் குரலை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுத் தமிழாசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். வேறு தகுதி எதுவும் என்னிடம் இருந்ததா என்று என் மனைவி செல்வி அப்போது கேட்கவில்லை. பிறகு கேட்டாள்.

வாரத்தில் மூன்று நாள் கிளமெண்டியில் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். மற்ற நாட்களில் கல்லூரி. வீடு பிடோக். தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ரயிலில் போகும்போது அன்றைய கதையை ஒத்திகை பார்ப்பேன். எதிரே இருப்பவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்வார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் கதைகளில் மிகவும் பிடித்தது அரக்கன் குரல். அடிவயிற்றிலிருந்து கிளப்பி, தொண்டையை இறுக்கி, உறுமிக் காட்டுவேன். மேலே நான்கு மின்விசிறி, பக்கத்தில் கூடைப்பந்துத் திடல், அதையெல்லாம் தாண்டிக் கேட்க வேண்டுமே. எனக்கு வழிகாட்டும் ஆசிரியர் திருமதி வசந்தி கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். பேச்சில் சிக்கனமானவர். நான் அரக்கனாக மாறும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது மாதத்தில் அரக்கன் போய்விட்டான். அடுத்த வாரம் ராஜாவும் போனார். கடைசியில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் என்னிடம் மிஞ்சியது துருப்பிடித்த கதவைத் திறப்பது போன்ற ஒரு சத்தம்தான். குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று வீட்டிலும் கல்லூரியிலும் கிசுகிசுத்தே பேசினேன். இரண்டு வாரம் அப்படி. கிசுகிசுப்பது ஓய்வு இல்லை, சுளுக்கிய காலோடு நுனிவிரலில் நடப்பது போல என்று பிறகுதான் தெரிந்தது. வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் 'க்ர்ர்ம்' என்று செருமி வேறு வைத்தேன். அதுவும் தப்பாம். நோய்க்கு நான் செய்த வைத்தியம் எல்லாமே நோயின் பக்கம்தான் நின்றது.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மருத்துவமனையில் முறை வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. நோய் என்றால் பயம், வலி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது திரையில் ஓடும் எண்கள். கையில் சீட்டு, எதிரே திரை. என் எண்ணுக்கு முந்தைய எண் வரும், அதற்கும் முந்தையது மறுபடி வரும், பிறகு திரையே கொஞ்ச நேரம் யோசிக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம் என்றால், காது மூக்கு தொண்டைப் பிரிவு. ஒருவருக்குக் காது கேட்காது, எனக்குக் குரல் வராது. நல்ல ஜோடிதான்.

மருத்துவர் இளைஞர். மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்தார். கசப்பு உள்நாக்கில் இறங்கியது. பிறகு நூடல்ஸ் அளவுக்கு மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டார். நுனியில் கேமரா. 'ஈ' என்று சொல்லச் சொன்னார். நான் 'ஈ' என்றேன். ஒன்பது வருஷம் கிடங்கையே அதிரவைத்தவன், கொசு போல 'ஈ' என்றேன். திரையில் என் குரல் நாண்கள் தெரிந்தன. இரண்டு சின்ன வெள்ளைப் பட்டைகள். மூச்சு விடும்போது விலகுகின்றன, பேசும்போது சேர்ந்து அதிர்கின்றன. இரண்டும் உரசும் இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, லேசான தடிப்பு. புதுச் செருப்பு உரசி உரசிக் காலில் காய்த்துப்போகுமே, அதுபோலத்தான் என்றார் மருத்துவர். ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை தேவையில்லை. குரலைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றினால் தானாகவே கரையும். என்னைப் போலப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர் இதே சிக்கலோடு வந்திருக்கிறார்கள், எல்லாரையும் சேர்த்துக் குழுவாகக் குரல் சிகிச்சை கொடுக்கப்போகிறோம், எட்டு வாரம், புதன்கிழமை மூன்று மணி என்றார்.

குழு என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதுப் பார்வையாளர்கள் கிடைத்தார்களே.

நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வட்டமாக ஆறு நாற்காலிகள். சிகிச்சையாளர் பெயர் சுராயா. நாற்பது வயதிருக்கும். அந்த அறையிலேயே மிகச் சின்னக் குரல் அவருடையதுதான், எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டதும் அதுதான். முதல் நாளே நான் இரண்டு ஜோக் அடித்தேன். ஆறு பேரும் சிரித்தோம், அதாவது ஆறு விதமாகக் கரகரத்தோம். சுராயாவும் சிரித்துவிட்டு, "இப்போது தொண்டை எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எரிந்தது. "சரி, அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த எழுத்துதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஆளுக்கொரு நாட்குறிப்புப் புத்தகம். எத்தனை கோப்பை தண்ணீர், எவ்வளவு நேரம் பேசினோம், எங்கே எந்தச் சத்தத்துக்கு நடுவில், எத்தனை நிமிடம் மௌனம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தொண்டை எந்த எண்ணில் இருக்கிறது என்று தினமும் எழுத வேண்டும். ஒரு நாளில் மூன்று முறை, முறைக்கு இருபது நிமிடம், ஒரு வார்த்தை பேசக் கூடாது. புதன்கிழமை வந்தால் ஜோடிக்காரரிடம் புத்தகத்தைக் கொடுத்து, அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வாரப் பயிற்சியை சுராயா அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.

என் ஜோடி தர்ஷினி. இன்னொரு பள்ளியில் தமிழ்ப் பயிற்சி ஆசிரியை. இருபத்து நான்கு வயது. அவருக்குக் காற்று கலந்த குரல், வாக்கியம் முடியுமுன் மூச்சு முடிந்துவிடும். மற்ற நால்வரில் ஒருவர் உடற்கல்வி, ஒருவர் இசை. மீதி இருவரும் ஆங்கிலம்.

பயிற்சிகள் வேடிக்கையாக இருக்கும். அரைக் கோப்பைத் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி ஊத வேண்டும். தண்ணீரின் எதிர்ப்பு குரல் நாண்களை மெதுவாகச் சேரவைக்கும், முட்டிக்கொள்ள விடாது. வருங்கால ஆசிரியர்கள் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து குமிழி விட்டுக்கொண்டிருப்போம். ஒருமுறை கதவைத் திறந்த தாதி மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடிக்கொண்டார். பிறகு உதடுகளைப் படபடக்க வைப்பது, 'ம்ம்ம்' என்று முனகி மூக்குத் தண்டில் அதிர்வைத் தேடுவது, வகுப்பை அடக்கக் கத்தாமல் மணி அடிப்பது. அறையில் எல்லாவற்றையும் நன்றாகவே செய்தேன். அறையைத் தாண்டினால்தான் தகராறு.

இருபது நிமிட மௌனம் எனக்கு வரவில்லை. செல்வி ஒரு பல் மருந்தகத்தில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பேசிவிட்டு வருபவள். நான் மௌனம் இருக்க வேண்டிய நேரத்தில் அவளும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, பேசாமல் துணி மடிப்பாள். எனக்குச் சபலம் வரக் கூடாது என்பதற்காக. நான்காவது நிமிடத்தில் அவள் மடித்த சட்டையைப் பற்றி நான் ஏதாவது சொல்லிவிடுவேன். அவள் விரலை உதட்டில் வைப்பாள். அதைப் பற்றியும் ஏதாவது சொல்வேன்.

நாட்குறிப்பில் முதல் இரண்டு வாரம் உண்மையைத்தான் எழுதினேன். பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் இரண்டு, தே தாரிக் என்ற ஆற்றிய டீ நான்கு, மௌனம் நான்கு நிமிடம். மூன்றாவது வாரம், நண்பன் ஒருவனின் வரவேற்பு நிகழ்ச்சியை நடத்தித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் கத்தினேன். அதை எழுத மனம் வரவில்லை. தர்ஷினியின் புத்தகம் கையெழுத்துக்காக என்னிடம் வந்தபோது, அழகான எழுத்தில் வரிசை வரிசையாக எல்லாம் ஒழுங்காக இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். மாதிரிக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை ரயிலில், பிடோக்கில் ஏறி நகரத்துக்குள் இறங்குவதற்குள், ஏழு நாள் தண்ணீரையும் குடித்து முடித்திருந்தேன். எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றினேன். ஏழு கோப்பை என்றால் எட்டு. நான் சும்மா காப்பி அடிப்பவன் இல்லை, கூடுதல் மதிப்பெண்ணுக்கு அடிப்பவன். அதற்கடுத்த வாரங்களிலும் அதே கதைதான்.

தர்ஷினி என் எண்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நல்லா பண்றீங்கண்ணா" என்றார்.

ஐந்தாவது வாரம் சுராயா எல்லாரையும் மறுபடி சோதித்தார். ஒரே மூச்சில் 'ஆ' என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது, ஒரு பத்தியைப் படிக்கும்போது குரல் எங்கே உடைகிறது என்பதையெல்லாம். மற்ற ஐந்து பேருக்கும் கூடியிருந்தது. தர்ஷினி வாக்கியத்தை முடித்துவிட்டு இன்னும் மூச்சு மிச்சம் வைத்திருந்தார். எனக்கு மட்டும் குறைந்திருந்தது.

சுராயா என் நாட்குறிப்பைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகத்தில் கவலை ஏறியது. "நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறீர்கள்" என்றார். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. "இவ்வளவு செய்தும் குரல் மோசமாகிறது என்றால், இது வெறும் காய்ப்பாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் திரும்ப அனுப்புகிறேன். கழுத்தில் ஸ்கேனும் எடுத்துப் பார்க்கட்டும். அதுவரை நீங்கள் பாடம் நடத்த வேண்டாம்."

பாடம் நடத்த வேண்டாம் என்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் கடிதம் போனது. ஆண்டு முடிவதற்குள் குறிப்பிட்ட அளவு பாடம் நடத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிப் பயிற்சி முழுவதையும் அடுத்த ஆண்டு முதலிலிருந்து செய்ய வேண்டும், செய்ய விட்டால். அதாவது வேலையை விட்டு வந்தவன், வந்த இடத்திலும் இல்லாமல் போகலாம்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சுராயா விரலை உதட்டில் வைத்தார். "குரலுக்கு ஓய்வு." வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாட்களைத்தான் மருத்துவமனை நாட்கள் என்று சொல்வேன். ஓரிடத்தில் ரத்தம் எடுத்தார்கள். இன்னோரிடத்தில், வயிற்று அமிலம் மேலே வந்து தொண்டையைச் சுடுகிறதா என்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் புதுச் சீட்டு, புதுத் திரை. செல்வி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். சூடான தண்ணீர் குடுவை, குளிர்சாதனத்துக்கு ஒரு சால்வை, பசித்தால் கேயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி. என் வாய் சும்மா இருக்கக் கஷ்டப்படும் என்று சின்ன வெள்ளைப் பலகை ஒன்றும் எழுதுகோலும் வாங்கி வந்திருந்தாள். அவள் கேட்பாள், நான் எழுதிக் காட்டுவேன்.

"என்னங்க, தண்ணியெல்லாம் ஒழுங்கா குடிச்சீங்கல்ல?"

'ஆமாம்' என்று எழுதினேன். அந்தப் பலகையில் நான் எழுதிய முதல் வார்த்தை அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், நடுவில் எனக்கே நிஜமாகப் பயம் வந்துவிட்டது. ஓய்வு எடுக்காததால் குரல் போனது என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரே தொண்டையில் துளையிட்டுக் கட்டுப்போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவர்கள் வேறு கவலையோடு பார்க்கிறார்கள். ஒருவேளை என் பொய்க்கு அடியில் ஒரு நிஜமும் இருந்துவிட்டால்? எச்சில் விழுங்கினால் ஏதோ தட்டுப்படுவது போல இருந்தது. மூன்று நாள் அப்படித் தட்டுப்பட்டது. நான்காவது நாள், அது என் குரல்வளைக் குருத்தெலும்பு என்றும் பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்றும் கண்டுபிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி தேக்காவில் காளி கோயிலுக்குப் போய் என் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். திருநீற்றை நெற்றியில் வைத்துவிட்டு, கொஞ்சம் எடுத்துத் தொண்டையிலும் பூசினாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

அந்தப் புதன்கிழமையும் குழுவுக்குப் போனேன். என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, சுராயா என்னிடம் அனுமதி கேட்டு என் நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினார். "இதைவிட ஒழுங்காக யாராலும் இருக்க முடியாது. அப்படியும் சிலருக்கு நேரம் எடுக்கும், அதற்காக யாரும் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளக் கூடாது" என்றார். உடற்கல்வி ஆசிரியர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். தர்ஷினி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பேருந்து நிறுத்தம்வரை என் பின்னாலேயே வந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க எப்ப வந்தீங்க?"

எண்களை மாற்றியவன், கல்யாணத்தை மாற்ற மறந்திருந்தேன். சனிக்கிழமை, சித்தி மகள் கல்யாணம், சிராங்கூன் சாலை, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் பேச்சு, தொண்டை நான்கு. அப்படியே இருந்தது.

"சாப்பாட்டு நேரத்துல வந்தேன்மா. நீங்க பாக்கல போல" என்றேன். கரகரப்பில் பாதிதான் வெளியே வந்தது.

அவர் சிரிக்கவில்லை. "எல்லாமே என்னோடதா?"

"மூணு வாரம்தான்."

"அதுல நான் சைன் பண்ணியிருக்கேன். மூணு வாரமும் நான்தான் சைன் பண்ணியிருக்கேன், அண்ணா."

"உங்க பேரு எங்கயும் வராது. நான் பாத்துக்கறேன்."

"என் பேரு அதுலதான் இருக்கு லா." அதைச் சொல்லும்போது அவர் குரல் காற்றாக இல்லை, சுத்தமாக இருந்தது. சிகிச்சை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. "வியாழக்கிழமை உங்களுக்கு ஸ்கேன் போட்டிருக்காங்க. அந்த இடம் இல்லாம வேற யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் போய்ச் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க."

அவருடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் மூன்று பேருந்துகளை விட்டேன்.

மறுநாள் ஸ்கேனுக்கு முன்னால் மறுபடியும் மூக்கில் குழாய். மருத்துவர் திரையைப் பார்த்தபடி, காய்ப்பு கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, சுற்றிலும் சிவந்திருக்கிறது, வேறு எதுவும் கண்ணில் படவில்லை என்றார். "ஆனால் எல்லா விதியையும் கடைப்பிடித்தும் பெரிதாகியிருக்கிறது. அதனால் அதை அறுத்து எடுப்பதைப் பற்றியும் நாம் பேச வேண்டியிருக்கும்" என்றார்.

அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஒப்புக்கொண்டேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரம்தான் சரியில்லை. மரத்துப்போகும் மருந்தில் நாக்கு கல்லாகியிருந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. "டைரி பொய், நான் தண்ணீர் குடிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவருக்கு என்ன கேட்டதோ, தாதியைக் கூப்பிட்டு, எனக்கு மருந்து ஒவ்வாமை வந்திருக்கலாம் என்று நாடியைப் பிடிக்கச் சொன்னார். கடைசியில் பையிலிருந்து வெள்ளைப் பலகையை எடுத்து, எண்கள் எல்லாம் என் ஜோடியின் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை என்று எழுதிக் காட்டினேன். மருத்துவர் இரண்டு முறை படித்தார். தாதியும் எட்டிப் படித்தார். ஸ்கேனை ரத்துசெய்துவிட்டு சுராயாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

சுராயா வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன், அதற்கு இரண்டு ஜோக்கும் வைத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். களைத்துப்போயிருந்தார். என் மருத்துவக் கோப்பைத் திறந்து, எனக்காக எழுதிவைத்திருந்த திட்டங்களின் மேல் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு இழுத்தார்.

"ஐந்து வாரமாக நான் தர்ஷினியின் தொண்டைக்குத்தான் இரண்டு தடவை வைத்தியம் பார்த்திருக்கிறேன்" என்றார்.

ஐந்து இல்லை, மூன்றுதான் என்று திருத்த வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். முதல் இரண்டு வாரத்தையும் சேர்த்துத்தான் பாழாக்கியிருந்தேன்.

"தர்ஷினிக்கு இதில் பங்கில்லை" என்று பலகையில் எழுதினேன். "தெரியும்" என்றார்.

செல்வி வெளியே காத்திருந்தாள். தேக்கா உணவங்காடியில் உட்காரவைத்து அவளிடமும் சொன்னேன். இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. அவள் மேசைமேல் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத் தோசையைப் பிய்த்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

"கோயில்ல நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு."

"பலிச்சிருச்சுல்ல."

"சிரிப்பு காட்டாதீங்க. நாலு நாள் லீவு போட்டிருக்கேன் நான். அந்தத் தொண்டையில கட்டுப் போட்டவரு பக்கத்துல உட்கார்ந்து, உங்களுக்கு இப்படி ஆயிட்டா எப்படிப் பேசிக்குவோம்னு யோசிச்சேன். அதுக்குத்தான் அந்தப் பலகைய வாங்கினேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. இருபது நிமிடம் இருக்கும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து நான் கடைப்பிடித்த முதல் முழு மௌனம் அதுதான், அதை நாட்குறிப்பில் எழுதவில்லை. மறுநாள் காலையில் சுடுதண்ணீர்க் குடுவை வழக்கம்போல நிரப்பி வாசலில் இருந்தது. அவள் முன்னாடியே வேலைக்குப் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சுவாரசியம் எதுவும் இல்லை, ஆனால் குணமானது அதில்தான். தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்குப் போனேன். மறுபடி குடித்தேன். ஒரு நாளில் மூன்று இருபது நிமிடங்கள் வாய்மூடி இருந்தேன். அடுத்த வீட்டில் அரிசி களைவது, மின்தூக்கி நின்று நின்று வருவது, செல்வி மூச்சு விடுவது எல்லாம் கேட்டது. கல்யாண நிகழ்ச்சி இரண்டை மறுத்தேன். குழு எட்டு வாரத்தில் முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் இன்னொரு எட்டு வாரம். கையெழுத்துப் போட தர்ஷினியே தொடர்ந்து ஒப்புக்கொண்டார், ஆனால் வாரா வாரம் காப்பிக்கடையில் என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விசாரித்தார்.

"செவ்வாய்க்கிழமை ஏழு கப்பா?"

"ஏழு."

"மௌனம்?"

"மூணு தடவ. ரெண்டாவது பன்னெண்டு நிமிஷத்துல முறிஞ்சிடுச்சு. கால்ல நாற்காலி இடிச்சு."

"என்ன சொன்னீங்க?"

"அதை எழுத முடியாது."

அன்றைக்குத்தான் அவர் என் ஜோக்குக்குச் சிரித்தார். அது ஜோக்கே இல்லை.

மூன்றாவது முறை குழாய் விட்டபோது காய்ப்பு பாதியாகியிருந்தது. சிவப்பு போயிருந்தது. முழுசாகப் போகவில்லை, இனி நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பதைப் பொறுத்தது என்றார் மருத்துவர். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கியும் கன்னத்தோரம் மைக்கும் வைத்துக்கொண்டு, பாதி நேரம் மட்டும் பாடம் நடத்தலாம் என்று சுராயா கடிதம் கொடுத்தார். அரக்கன் குரல் கூடவே கூடாது என்று தனியாக ஒரு வரி. அந்த வரியை மருத்துவமனை முத்திரையோடு நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆண்டு முடிய ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் வகுப்பில் நின்றால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் நடுவில் காணாமல்போன ஒருவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது வழிகாட்டும் ஆசிரியரின் விருப்பம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. அதாவது திருமதி வசந்தி. என் வகுப்பையும் சேர்த்து இத்தனை வாரமும் அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

நேரில் போய்க் கேட்க வாயில்லை, அதாவது தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் குறுஞ்செய்தி எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் ஐந்து ஜோக் இருந்தது. செல்வி வாங்கிப் படித்துவிட்டு ஒவ்வொன்றாக அழித்தாள். மீதி இருந்ததை அனுப்பினேன். நாட்குறிப்பில் பொய் எழுதியதை மறைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வாரம் வர முடியவில்லை, வியாதியால் மட்டும் இல்லை என்று சொன்னேன். என் வகுப்பையும் அவர் சுமக்க வேண்டியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். இடுப்பில் மைக் கட்டிக்கொண்டுதான் வர முடியும், கதையைச் சின்னக் குரலில்தான் சொல்ல முடியும், உறுமல்களைப் பிள்ளைகளையே செய்யவைக்கலாம் என்று நினைக்கிறேன் என்று எழுதினேன். கடைசியில், 'என் குரல் முன்பு மாதிரி இருக்காது, டீச்சர். பரவாயில்லை என்றால் நான் திரும்ப வரலாமா?' என்று முடித்தேன்.

படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. செல்வி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது.

"முன்ன மாதிரின்னா வேணாம். திங்கள், ஏழு மணி."